எங்களைக் கேளுங்கள், டாக்டர் ஐயா!

என் தம்பிக்கு 32 வயது. மலேசியாவில் ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். மூளைவளர்ச்சி குறைந்த பிள்ளை. பத்து வரை எண்ணத் தெரியாது. ஆனால் அம்மா பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) கிளம்புமுன் எழுந்து, அவருடைய ரப்பர் சப்பாத்தை வாசற்படியில் எடுத்து வைப்பான். இடது, வலது ஒருநாளும் மாறியதில்லை.

அம்மா தவறிய பிறகும் இரண்டு மாதம் வைத்தான். ஒருநாள் நிறுத்திவிட்டான். அதோடு சோறும் போச்சு, தூக்கமும் போச்சு. தன் கையைத் தானே கடித்துப் புண்ணாக்கிக்கொண்டு மூலையில் முடங்கிக் கிடந்தான்.

மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். ஓகேயூ (மாற்றுத்திறனாளி) அட்டையைத் திருப்பிப் பார்த்த டாக்டர் மலாயில் இரண்டு கேள்வி கேட்டார். தமிழைத் தவிர எதுவும் புரியாதவன் என்ன சொல்வான்? "இவர்கள் இப்படித்தான் இருப்பார்கள்" என்று தூக்கமாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்று முறை போனோம். மூன்று முறையும் அதே பேச்சு.

இப்படித்தான் இருப்பானாம்! இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட இவன் கையைக் கடித்ததில்லையே! பெற்றவளைப் பறிகொடுத்தவனுக்கு மனசு நோகாதா? புத்தி குறைந்தால் துக்கமும் குறைந்துபோகுமா?

இது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய தவறும் இல்லை. அறிவுக்குறை உள்ளவருக்கு வரும் மனநோயையும் அந்தக் குறையின் கணக்கிலேயே மருத்துவர்கள் எழுதிவிடுகிறார்கள் என்று அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் ரெய்ஸும் அவருடன் ஆய்ந்தவர்களும் 1982-லேயே காட்டிவிட்டார்கள். இங்கிலாந்தில் இத்தகையவரின் மனநோயைக் கண்டறியவென்றே ஒரு நேர்காணல் முறை உண்டு. நோயாளியிடமும் கேட்பார்கள், அவரை நன்கு அறிந்தவரிடமும் கேட்பார்கள். அக்கா நான் அங்கேதானே நின்றேன்? என்னை யார் கேட்டார்கள்?

சிங்கப்பூரில் தூக்குத்தண்டனை விதிக்கப்பட்ட, பேராக்கைச் சேர்ந்த நாகேந்திரனை நினைத்தால் வயிறு எரிகிறது. அறிவுத்திறன் அளவு 69 என்று பதிவானவர். சிறையில் அவர் மனநிலை கெட்டுவிட்டது, வெளி மனநல மருத்துவர் ஒருவர் பார்க்கட்டும் என்று வழக்கறிஞர்கள் மன்றாடினார்கள். சிங்கப்பூர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. 2022 ஏப்ரல் 27 விடியலில் தூக்கில் போட்டார்கள்.

டாக்டர் ஐயா, இனி ஒரு தோட்டத்துப் பிள்ளை உங்கள் முன்னால் பேசாமல் உட்கார்ந்திருந்தால், தமிழ் தெரிந்த ஒரு தாதியைக் கூப்பிடுங்கள். கூட வந்தவரை உட்காரச் சொல்லுங்கள். இவன் தினமும் என்ன செய்துகொண்டிருந்தான், எந்த நாளிலிருந்து அதை விட்டான் என்று கேளுங்கள்.