பழைய லேப்-டாப் மலிவா கிடைக்குதா? சென்னிமலை பெற்றோரே, 'நம்பர்' பார்த்து வாங்குங்க!

சென்னிமலை:

காலேஜ் பீஸ் கட்டி முடித்த கையோடு பெற்றோர் தலையில் விழும் அடுத்த செலவு லேப்-டாப். பெட்ஷீட் தறி ஓட்டுகிறவர் ஆனாலும், பெருந்துறை சிப்காட்டுக்கு ஷிப்ட் போகிறவர் ஆனாலும் இதற்கென்று ஒதுக்க முடிவது 25 ஆயிரம், மிஞ்சிப்போனால் 30 ஆயிரம். அதுவும் சீட்டு எடுத்த பணமாக இருக்கும், இல்லாவிட்டால் நகையை வைத்த பணமாக இருக்கும்.

இந்த நேரத்தில் 12 ஆயிரம், 15 ஆயிரம் என்று செகண்ட் ஹேண்ட் லேப்-டாப்கள் கண்ணில் படுகின்றன. "ஐ-5 தானுங்க, பெரிய கம்பெனி ஆபீசுல ஓடுனது" என்பது வழக்கமாகச் சொல்லப்படும் பேச்சு. வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் இவ்வளவு மலிவாக ஏன் வருகிறது என்று தெரிந்துகொண்டு வாங்கணும்.

கழித்துக்கட்டிய சரக்கு

2025 அக்டோபர் 14-ந் தேதியோடு விண்டோஸ்-10க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் கொடுப்பதை மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. வீட்டு உபயோகக்காரர்கள் பதிவு செய்துகொண்டால் ஒரு வருஷம் கூடுதலாகக் கிடைக்கும் என்று அறிவித்தது. அந்தக் கெடு 2026 அக்டோபர் 13.

விண்டோஸ்-11க்கு மாறிக்கொள்ளலாமே என்றால், அங்கேதான் சிக்கல். இன்டெல் பிராசசர் என்றால் 8-வது தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்கணும். ஒன்றிரண்டு விதிவிலக்கைத் தவிர 6-வது, 7-வது தலைமுறை மெஷின்களுக்கு அனுமதி இல்லை. அதனால் கம்பெனிகள் அவற்றைக் கழித்துக்கட்டுகின்றன. அந்தச் சரக்கு கைமாறி, கைமாறி நம்ம ஊர் வரைக்கும் வருகிறது.

அப்டேட் இல்லாவிட்டால் லேப்-டாப் ஓடாதா? ஓடும். ஆனால் புதுசாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை. பையன் அதில் படிப்பான், அப்பா அதிலேயே பேங்க் கணக்கைத் திறப்பார். மூன்று வருஷப் படிப்புக்கு வாங்கிய பொருள் முதல் வருஷத்திலேயே இந்த நிலைமைக்கு வந்தால் 12 ஆயிரமும் தண்டம்.

நூல் நம்பர் மாதிரி இதுவும் நம்பர்

நூல் எத்தனாம் நம்பர் என்று கேட்காமல் பாவு ஓட்டாத ஊர் சென்னிமலை. லேப்-டாப்பில் மட்டும் ஸ்டிக்கரைப் பார்த்து ஏமாறலாமா?

ஐ-5 என்பது வெறும் ரகத்தின் பெயர். அதற்குப் பின்னால் வரும் நம்பர்தான் வயசைச் சொல்லும். 6200யு என்று இருந்தால் 6-வது தலைமுறை. 7200யு என்றால் 7-வது. இரண்டும் வேண்டாம். 8250யு என்றால் 8-வது, இதிலிருந்து எடுக்கலாம். 1035, 1135 என்று 10, 11-ல் தொடங்கினால் இன்னும் புதுசு. பழைய ஐ-5ஐ விட 10-வது தலைமுறை ஐ-3 நம்ம வேலைக்கு எவ்வளவோ மேல்.

ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். லேப்-டாப்பை ஆன் செய்து, செட்டிங்ஸ் உள்ளே சிஸ்டம், அதில் அபவுட் என்ற இடத்தைத் திறந்தால் பிராசசர் நம்பர் தானாகத் தெரியும். 7-வது தலைமுறையில் விண்டோஸ்-11 ஓடுவதைக் காட்டினாலும் மயங்க வேண்டாம். அது குறுக்கு வழியில் ஏற்றியது. அப்படிப்பட்ட மெஷின்களுக்கு அப்டேட் வரும் என்று உத்தரவாதம் கிடையாது என மைக்ரோசாப்டே சொல்லியிருக்கிறது.

புதுசு என்றால் எல்லாம் நல்லதா?

இல்லை. மலிவு விலை புது லேப்-டாப்களில் 4 ஜிபி ராம், செலரான் பிராசசர், 64 ஜிபி இ.எம்.எம்.சி. ஸ்டோரேஜ் என்று வருகிறது. இ.எம்.எம்.சி. போர்டோடு ஒட்டியே வரும், பின்னால் மாற்ற முடியாது. விண்டோஸ் ஏறியதுமே பாதி இடம் போய்விடும். நான்கு பக்கத்தை ஒன்றாகத் திறந்தால் மூச்சு வாங்கும்.

எவ்வளவு இருந்தால் போதும் என்பதற்கு ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. கல்லூரி மாணவர்களுக்கான லேப்-டாப் வாங்க 2025-ல் தமிழக அரசின் எல்காட் விட்ட டெண்டரில் கேட்டது 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்.எஸ்.டி. அதற்குக் கீழே போகாதீர்கள். பி.காம்., பி.ஏ. படிப்புக்கு இது தாராளம். என்ஜினீயரிங்கில் வரைபட சாப்ட்வேர் ஓட்டுகிற பிரிவு என்றால் மட்டும் துறை ஆசிரியரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

"ஜி.எஸ்.டி. குறைச்சாங்களே, விலை இறங்கலையே?" என்ற புலம்பல் உண்டு. 2025 செப்டம்பர் 22-ல் ஏ.சி., பெரிய டி.வி. வரி 28 சதவீதத்தில் இருந்து 18 ஆனது. லேப்-டாப் ஏற்கனவே 18-ல்தான் இருந்தது, அதனால் மாற்றம் இல்லை. அதோடு, ஏ.ஐ. சர்வர்களுக்கு மெமரி சிப் அள்ளிக்கொண்டு போகப்பட்டதால் 2025 கடைசியில் ராம் விலை உலகம் முழுக்க எகிறியது. மைக்ரான் நிறுவனம் சில்லறையில் விற்றுவந்த குரூசியல் பிராண்டையே கைவிடுவதாக அந்த டிசம்பரில் அறிவித்துவிட்டது. எனவே "4 ஜிபி இப்ப வாங்கிக்கலாம், அப்புறம் ராம் போட்டுக்கலாம்" என்ற பழைய கணக்கு எடுபடாது. சில மாடல்களில் கூடுதல் ராம் போட இடமே இருக்காது.

கடையிலேயே பாருங்க

செகண்ட் ஹேண்டில் முதலில் சாகிறது பேட்டரி. 'பேட்டரி ரிப்போர்ட்' எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு விண்டோஸ் லேப்-டாப்பிலும் அந்த வசதி உண்டு. டிசைன் கெப்பாசிட்டி 45 ஆயிரம் என்றும், புல் சார்ஜ் கெப்பாசிட்டி 20 ஆயிரம் என்றும் இருந்தால் பாதிக்கு மேல் செத்துவிட்டது, புது பேட்டரி விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள். மூடித் திறக்கும் கீல், கீ போர்டு, சார்ஜர் ஊசி, வை-பை எல்லாம் அங்கேயே பார்த்துவிடணும்.

புதுசு வாங்குகிறவர்கள் வாரண்டி 'ஆன்-சைட்'டா, 'கேரி-இன்'னா என்று கேளுங்கள். முன்னது என்றால் ஆள் வீட்டுக்கு வருவார். பின்னது என்றால் லேப்-டாப்பைத் தூக்கிக்கொண்டு நீங்கள்தான் ஈரோடுக்கோ கோவைக்கோ பஸ் ஏறணும். ஒரு நாள் கூலி போச்சு!

சீரியல் நம்பர் எழுதிய பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். பழசுக்கும் இது பொருந்தும். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கோவையில் வாங்கியிருந்தாலும் ஈரோட்டில் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு கட்டணம் இல்லை.

இலவசம் வருமா?

கடைக்குப் போகும் முன்னால் காலேஜ் ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய இலவச லேப்-டாப் திட்டம் சில வருஷங்களுக்கு முன்பு நின்றுபோனது. பிறகு 2025-26 பட்ஜெட்டில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு வருஷத்தில் கொடுப்பதாக அறிவிப்பு வந்து, 2026 ஜனவரியில் வினியோகம் தொடங்கியது. உங்கள் பிள்ளை பெயர் பட்டியலில் உண்டா என்று தெரிவதற்குள் நகையை அடகு வைக்க வேண்டாம்.

அண்ணனோ அக்காவோ பிளஸ்-2வில் வாங்கிய பழைய அரசு லேப்-டாப் பரண் மேல் கிடக்கிறதா? அதை எடைக்குப் போடாதீர்கள். எஸ்.எஸ்.டி. ஒன்று மாற்றி, லினக்ஸ் ஏற்றினால் டைப் அடிக்க, பாடம் படிக்க இன்னும் உதவும்.