எலும்புகளைப் படிக்க நம்மில் யார்?

உயர்தரத்துக்குப் பிறகு என்ன படிப்பது என்ற பேச்சு நம் வீடுகளில் எழும்போது வரும் பெயர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. உயிரியல் பிரிவென்றால் வைத்தியம், கலைப்பிரிவென்றால் ஆசிரியத் தொழில் அல்லது சட்டம், வர்த்தகமென்றால் கணக்கியல். இந்தப் பட்டியலில் தொல்லியலையும் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. அதுவும் கலைப்பிரிவு மாணவிகளுக்காக மட்டுமல்ல, என்னைப் போல உயிரியல் படிப்பவர்களுக்காகவும்தான்.

தொல்லியல் என்றதும் மண்வெட்டியும் உடைந்த சிலையும்தான் பலருக்கு நினைவில் வரும். ஆனால் உயிர்த்தொல்லியல் என்றொரு கிளை அதில் உண்டு. மனித எலும்பையும் பல்லையும் கொண்டு பழைய மனிதரின் வாழ்வை அறியும் கல்வி அது. இடுப்பெலும்பைப் பார்த்து ஆணா பெண்ணா என்று கணிக்கிறார்கள். பல் முளைத்த நிலையைப் பார்த்து இறந்த குழந்தையின் வயதைச் சொல்கிறார்கள். பல்லின் வெளிப்பூச்சான மிளிரி சிறுவயதில் உருவாகி, பின்னர் பெரிதாக மாறுவதில்லை. அதிலுள்ள காபன் சமதானிகளை அளந்தால், அந்த மனிதர் உண்ட உணவு அடர்ந்த காட்டிலிருந்து வந்ததா, திறந்த வெளியிலிருந்து வந்ததா என்று தெரிந்துவிடும்.

இதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. இலங்கைக் குகைகளிலும் பிற இடங்களிலும் கிடைத்த 26 பேரின் பற்களை ஆராய்ந்த கட்டுரையொன்று 2015 இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளிவந்தது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கு மனிதர் மழைக்காட்டு உணவை நம்பி வாழ்ந்தனர் என்று அது காட்டியது. அதன் முதன்மை ஆசிரியர் பற்றிக் ரொபர்ட்ஸ் அப்போது ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்ட மாணவர். 2019 இல் புளத்சிங்களவுக்கு அருகிலுள்ள பாஹியன் குகையின் விலங்கெலும்புகளை ஆராய்ந்து, 45,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கு குரங்கும் அணிலும் வேட்டையாடப்பட்டதை எழுதிய குழுவின் முதன்மை ஆசிரியர் ஒஷான் வெதகே என்ற இலங்கையர். அவரும் அப்போது ஜேர்மனியில் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தார்.

இப்படியான குழுக்களில் வரலாறு படித்தவர்கள் மட்டும் இருந்தால் வேலை நடக்காது. விலங்கெலும்பை இனங்காண விலங்கியல் வேண்டும், சமதானியை அளக்க இரசாயனம் வேண்டும், மண்படையை வாசிக்கப் புவிச்சரிதவியல் வேண்டும். மன்னார் மாவட்டத்தின் பழந்துறைமுகமான மாந்தையில் கரிந்த மிளகும் கராம்பும் கண்டெடுக்கப்பட்டபோது அவற்றை அடையாளம் காணத் தாவரவியல் உதவியது. அதனால்தான் விஞ்ஞானத்தில் முதல் பட்டம் பெற்றவர்களும் பட்டப்பின்படிப்பின் வழியாக இத்துறைக்குள் வருகிறார்கள். நம் நாட்டிலும் களனிப் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் பட்டப்பின்படிப்பு நிறுவகம் 1986 முதல் இயங்கி வருகிறது.

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். 2020 இல் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைகளுக்கென ஜனாதிபதி செயலணி நியமிக்கப்பட்டபோது, தொடக்கத்தில் அதில் ஒரு முஸ்லிமும் இல்லை, ஒரு தமிழரும் இல்லை. நாம் வருந்தியது நியாயமே. ஆனால் "உங்களில் தகுதியுள்ள தொல்லியலாளர்களின் பெயரைத் தாருங்கள்" என்று கேட்டிருந்தால் எத்தனை பெயர்களைக் கொடுத்திருப்போம்? கோபம் ஒரு நாளில் வந்துவிடும். ஒரு தொல்லியலாளர் உருவாகப் பத்து ஆண்டுகளாவது செல்லும்.

இரண்டாவது காரணம் இன்னும் வேதனையானது. மன்னாரிலும் செம்மணியிலும் மனிதப் புதைகுழிகள் தோண்டப்பட்டபோது தொல்லியலாளரின் உதவி தேவைப்பட்டது. 1990 இல் குருக்கள்மடத்தில் கொல்லப்பட்ட நம்மவர்களின் குடும்பங்களும் தம் உறவுகளின் எச்சங்களைத் தோண்டியெடுத்து முறைப்படி நல்லடக்கம் செய்யக் கேட்டு வருகின்றன. மரணித்தவரின் எலும்புக்கும் கண்ணியம் உண்டு என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். அதனால் எலும்பைத் தொடும் படிப்பு நமக்கு வேண்டாம் என்பார் சிலர். நான் அதே காரணத்துக்காகத்தான் வேண்டும் என்கிறேன். கண்ணியம் அறிந்தவர் அந்தக் குழியருகே நிற்க வேண்டாமா?

ஆனால் ஒன்றில் நாம் கவனமாக இருக்க வேண்டும். "நாங்கள்தான் முதலில் வந்தோம்" என்று நிரூபிக்க இத்துறைக்குப் போகக் கூடாது. அந்த நோக்கத்தோடு தோண்டுபவருக்குத் தேடியது மட்டுமே கண்ணில் படும். மண்ணில் கிடைப்பது யாருக்குச் சாதகமானாலும் அதை அப்படியே எழுதும் நேர்மைதான் இந்தப் படிப்பின் முதல் பாடம்.

பெற்றோரின் கவலைகளும் எனக்கு விளங்குகின்றன. வைத்தியருக்குக் கிடைக்கும் வருமானம் இதில் கிடைக்காது. தொல்பொருள் திணைக்களம், நூதனசாலை, பல்கலைக்கழகம் என்று வேலை வாய்ப்புகளும் குறைவு. பெண்பிள்ளை நாட்கணக்கில் வெளியூரில் தங்குவதா என்ற அச்சமும் இருக்கும். ஆனால் அகழ்வு குழுவாக நடப்பது. அதன் பின்னான எலும்பு ஆய்வு ஆய்வுகூட மேசையில் நடப்பது. வைத்தியபீடத்தில் மகள் எலும்புக்கூட்டைத் தொட்டுப் படிப்பதைப் பெருமையாகச் சொல்லும் நாம், இங்கு மட்டும் ஏன் தயங்க வேண்டும்?

எல்லோரும் தொல்லியலாளராக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நம் கல்லூரியிலிருந்து ஐந்து வருடத்துக்கு ஒருத்தி போனாலும் போதும். பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்பும் நாளில் உங்கள் மகள் இந்தத் துறையின் பெயரைச் சொன்னால், "அதைப் படித்து என்ன செய்யப்போகிறாய்?" என்று வாயை அடைத்துவிடாதீர்கள். அதே கேள்வியை அவளது பதிலைக் கேட்பதற்காகக் கேளுங்கள்.