ஒரே அணியில் ஆடட்டும் ஊர்

2025 மார்ச் மாதம், தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் பகுதியில், தேர்வெழுதப் பேருந்தில் சென்றுகொண்டிருந்த பிளஸ் 1 மாணவர் ஒருவரை வழிமறித்து வெட்டினார்கள். கைவிரல்கள் துண்டாயின. பட்டியல் சாதியைச் சேர்ந்த அந்த மாணவரின் குடும்பத்தினர் சொன்ன காரணம், ஒரு கபடிப் போட்டி. அவருடைய அணி ஜெயித்ததை எதிரணித் தரப்பால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை என்றார்கள். விளையாட்டு ஊரை ஒற்றுமைப்படுத்தும் என்று கோப்பை வழங்கும் மேடைகளில் ஆண்டுதோறும் பேசுகிறோம். அந்தப் பேச்சு பாதிதான் உண்மை. மீதிப் பாதி, அணியை யார் யாரைச் சேர்த்து அமைக்கிறோம் என்பதில் இருக்கிறது. தனித்தனியாக வாழ்கிற தெருக்களைத் தனித்தனி அணிகளாகவே களத்தில் இறக்கிவிட்டு ஒற்றுமை வளரும் என்று எதிர்பார்ப்பதில் நியாயமில்லை.

திண்டுக்கல்லிலிருந்து பழனி போகும் சாலையில் இருக்கும் ரெட்டியார்சத்திரம், அதைச் சுற்றியுள்ள கன்னிவாடி, ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கிராமங்கள் எல்லாமே கபடி மண். பொங்கலோ கோயில் திருவிழாவோ வந்தால் அறுவடை முடிந்த காட்டைச் சமன்செய்து, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்பில் கோடு போட்டு, நாலு மூலையிலும் ஃபோகஸ் லைட் கட்டிவிடுவார்கள். ஆட்டம் விடிய விடிய நடக்கும். ஆண்கள் ஆடுகிற களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நம் கணக்கில் மூன்றேகால் சென்ட்தான். இவ்வளவு குறைந்த செலவில் இத்தனை பேரை ஒரே இடத்தில் உட்காரவைக்கிற வேறு நிகழ்ச்சி கிராமத்தில் கிடையாது. ஆனால் நுழைவுக் கட்டணம் கட்டி வருகிற அணிகளின் பெயர்களைப் பாருங்கள். பல அணிகள் ஒரு தெருவின் அணிகள். பல பெயர்கள் ஒரு சாதி தன்னுடையவராகச் சொல்லிக்கொள்ளும் தலைவரின் பெயர்கள். போட்டிக்கு அனுமதி கேட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போன வழக்குகளில், ஆட்டக்காரர்களின் சட்டையில் சாதித் தலைவர்களின் படமோ கட்சி அடையாளமோ இருக்கக் கூடாது என்று நிபந்தனை விதிக்க வேண்டிய நிலைமை வந்ததும் இதனால்தான். பள்ளி மாணவர் ஒருவரைச் சக மாணவர்களே வெட்டிய நாங்குநேரி சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்டு 2024 ஜூனில் அறிக்கை தந்த நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் கையில் கட்டும் சாதிக் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னது. கயிற்றை அவிழ்க்கச் சொல்கிற நாம், அதே பையன்கள் சனிக்கிழமை இரவு சாதிவாரியாக அணி பிரிந்து நிற்பதைக் கைதட்டிப் பார்க்கிறோம்.

அணி எப்படி அமைகிறது என்பது உண்மையிலேயே மனதை மாற்றுமா? பொருளியல் ஆய்வாளர் மாட் லோ இதை உத்தரப் பிரதேசக் கிராமங்களில் சோதித்துப் பார்த்தார். வெவ்வேறு சாதிகளைச் சேர்ந்த 1,261 இளைஞர்களை ஆய்வில் சேர்த்து, குலுக்கல் முறையில் சிலரை ஒரே சாதி அணிகளிலும் சிலரைக் கலப்பு அணிகளிலும் கிரிக்கெட் ஆடவிட்டார். 2021இல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ இதழில் வெளியான முடிவு தெளிவானது. வேற்றுச் சாதியாரோடு ஒரே அணியில் ஆடியவர்களுக்குச் சாதி தாண்டிய நட்பு கூடியது, சொந்தச் சாதிக்காரரையே தூக்கிப்பிடிக்கும் போக்கு குறைந்தது. வேற்றுச் சாதியாரை எதிரணியில் மட்டும் சந்தித்தவர்களிடம் பொதுவாக இதற்கு நேர்மாறான விளைவு. ஆட்டம் ஒன்றுதான், மைதானமும் ஒன்றுதான். யாரோடு நின்று ஆடினார்கள் என்பது மட்டுமே வேறு. கபடியில் இதன் வலு இன்னும் அதிகம் என்று நினைக்கிறேன். ரெய்டர் உள்ளே வரும்போது கார்னரில் நிற்பவரும் அடுத்தவரும் கைகோத்துச் செயின் பிடிக்க வேண்டும். ஒருவர் காலைப் பிடித்தால் மற்றவர் இடுப்பைப் பிடித்து இழுக்க வேண்டும். பக்கத்தில் நிற்பவரை நம்பாமல் நல்ல ரெய்டரை மடக்குவது கடினம். தொடுவதையே குற்றமாக்கி வைத்திருந்த சமூகத்துக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காது. அந்தப் பள்ளிக்கூடத்தை நாமே தெருவாரியாகப் பிரித்து வைத்திருக்கிறோம்.

விளையாட்டில் சாதியைப் பேசாதீர்கள், திறமைதான் பேச வேண்டும் என்பது முதல் மறுப்பு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கபடி வீரர் மணத்தி கணேசன் தூத்துக்குடி மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கிளம்பி 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற அணியில் ஆடினார், அர்ஜுனா விருதும் பெற்றார். தென்மாவட்டங்களின் சாதி மோதல் காலத்தைக் கடந்து வந்த அந்த வாழ்க்கையை ஒட்டித்தான் 2025இல் ‘பைசன்’ படம் வந்தது. அதற்கு முன்பே, 2009இல், பழனி – ஒட்டன்சத்திரம் வட்டாரத்து மண்ணிலிருந்து வந்த ‘வெண்ணிலா கபடி குழு’, ஆடத் தெரிந்தவனைச் சாதி எப்படித் தடுக்கிறது என்பதைக் காட்டியது. அபாரத் திறமை ஒரு மனிதரை வேலி தாண்ட வைக்கும். வேலி அப்படியேதான் இருக்கும். அவரளவு ஆடத் தெரியாத, மாலையில் வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம் ஆட விரும்புகிற சாதாரணப் பையனுக்குத்தான் பொது விதி தேவைப்படுகிறது.

சேர்ந்து ஆடினால் சாதி ஒழிந்துவிடுமா என்று கேட்பவர்களும் உண்டு. ஒழியாது. ஈராக்கில் போரால் இடம்பெயர்ந்த கிறிஸ்தவர்களின் கால்பந்து அணிகளில் முஸ்லிம் வீரர்களைச் சேர்த்து சல்மா மூசா நடத்திய ஆய்வு 2020இல் சயின்ஸ் இதழில் வந்தது. ஆடுகளத்துக்குள் நெருக்கம் கூடியது, ஆறு மாதம் கழித்தும் சேர்ந்து பயிற்சி செய்தார்கள். ஆனால் களத்துக்கு வெளியே, அந்நியரோடு பழகுவதில் பெரிய மாற்றம் தெரியவில்லை. இதை மறைக்க வேண்டியதில்லை. நிலம், கூலி, கோயில் உரிமை ஆகியவற்றில் உள்ள ஏற்றத்தாழ்வைக் கபடி தீர்த்துவைக்காது. ஆனால், பேருந்தில் ஒருவனை வெட்டக் கிளம்புகிற கும்பலில், ‘அவன் நம்ம டீம்டா’ என்று சொல்ல ஒருவன் இருந்தால் அதன் மதிப்பு பெரிது.

நண்பர்கள் சேர்ந்துதான் அணி அமைப்பார்கள், விதி போட்டு நட்பை உண்டாக்க முடியுமா என்ற கேள்விக்குப் பதில் எளிது. எடை வரம்பு, வயது வரம்பு, வெளியூர் ஆட்டக்காரர் எத்தனை பேர் என்று விழாக்குழுக்கள் ஏற்கெனவே விதி போடுகின்றன. அதோடு இன்னொன்றைச் சேர்க்கலாம்: அணி ஊராட்சியின் பெயரில் மட்டுமே வர வேண்டும், களத்தில் நிற்கும் ஏழு பேரில் நான்கு பேருக்கு மேல் ஒரே தெருக்காரராக இருக்கக் கூடாது. யாரிடமும் சாதிச் சான்று கேட்க வேண்டியதில்லை, ஆதாரில் உள்ள முகவரி போதும். ஊர்ப் பெயரில் ஆடுவதன் பலனைச் சென்னை கண்ணகி நகர் காட்டிவிட்டது. பல குடிசைப் பகுதிகளிலிருந்து அகற்றப்பட்டவர்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம் அது. முகவரியைச் சொன்னாலே முகம் சுளித்தவர்கள், 2025 அக்டோபரில் பஹ்ரைன் ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கம் வென்ற பெண்ணை ‘கண்ணகி நகர் கார்த்திகா’ என்று கொண்டாடினார்கள். நம் பக்கத்துக் கிராமங்களில் பெண்கள் அணியைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. முதல் நாளிலிருந்தே அதை ஊர் அணியாக அமைத்துவிடலாம்.

பெரிய பணமும் பெரிய மைதானமும் தெருக்களை இணைக்கும் வேலையைச் செய்யாது. நம் திண்டுக்கல் மாவட்டத்துக்குத் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) கிரிக்கெட் வருகிறது; 2025 இறுதி ஆட்டமே நத்தத்தில் உள்ள என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில்தான் நடந்தது. மாவட்டத்துக்கு அது பெருமை. ஆனால் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்து ஒரே அணிக்குக் கைதட்டிய இரண்டு பேர், ஊருக்கு வந்ததும் அவரவர் தெருவுக்குப் போய்விடுவார்கள். 2024இல் அரசு 12,525 ஊராட்சிகளுக்கும் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பை வழங்கத் தொடங்கியது. அந்தப் பெட்டி எந்தத் தெருவில் இருக்கிறது, சாவி யார் கையில் என்பதைப் பொறுத்தே அதன் பயன். அதை அரசுப் பள்ளி வளாகத்தில் வையுங்கள். எல்லாத் தெருப் பிள்ளைகளும் கூச்சமில்லாமல் நுழைகிற இடம் ஊரில் அது ஒன்றுதான். பள்ளி நேரம் முடிந்ததும் மைதானத்தைப் பூட்டாமல் இரவு எட்டு மணி வரை திறந்து வையுங்கள். ரெட்டியார்சத்திரம் பகுதி விழாக்குழுவினருக்கும் ஊராட்சி நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வரும் பொங்கல் போட்டிக்கு நோட்டீஸ் அடிக்கும்போது, பரிசுத் தொகைக்குக் கீழே, ‘தெரு அணிகளுக்கு அனுமதி இல்லை, ஊர் அணிகள் மட்டுமே வரவும்’ என்று ஒரு வரி சேர்த்து அச்சடியுங்கள்.