பென்ஷன் உண்டு, வாடகைக்கு வழியில்லை

முதியோர் பென்ஷனுக்கு மனுக் கொடுக்கத் தாலுகா அலுவலகம் போகும் ஒரு தாயின் காதில் முதலில் விழுவது "பையன் இருக்கானா?" என்ற கேள்விதான். வயதும் வயிற்றுப்பாடும் அப்புறம். இருக்கிறான் என்றால், என்ன வேலை என்பது அடுத்த கேள்வி. அவன் வாடகை ஆட்டோ ஓட்டுபவனாக இருக்கலாம், கட்டட வேலைக்கு நாள்கூலியாகப் போகிறவனாக இருக்கலாம், மனைவி பிள்ளைகளோடு ஒற்றை அறையில் ஒண்டிக்கொண்டிருக்கலாம். ஆனாலும் தாளில் அவன் ஓர் ஆதரவு. திட்டமோ ஆதரவற்ற முதியோருக்கானது. எனவே தாய் அடுத்த முறை வரச் சொல்லப்படுகிறார்.

இதற்கு மக்கள் கண்டுபிடித்த வழி ரேஷன் கார்டில் இருக்கிறது. மகனின் கார்டிலிருந்து தாயின் பெயரை நீக்கி, தனிக் கார்டு வாங்கிவிடுவது. தனிக் கார்டு வேண்டுமென்றால் தனிச் சமையல் இருக்க வேண்டும். அதைப் பார்க்க ஆள் வருவார். அன்றைக்கு மட்டும் கூடத்து மூலையில் ஓர் அடுப்பும் இரண்டு பாத்திரமும் முளைக்கும். ஏமாற்று வேலை என்று இதை எளிதாகத் தள்ளிவிடலாம்தான். ஆனால் ஒரே உலையில் சாப்பிடுகிறவர்களைத் தனித்தனியாகப் பொங்குவதாகச் சொல்லவைப்பது விதிதானே? பெற்றவளைக் கூட வைத்துக்கொண்டு கஷ்டப்படும் மகனுக்கு அரசிடமிருந்து ஒரு ரூபாயும் வராது. துரத்திவிட்டால் அவளுக்கு மாதாமாதம் பணம் வரும். பிள்ளைகள் பெற்றோரைக் கைவிடுகிறார்கள் என்று மேடைதோறும் வருத்தப்படும் சமூகம், கைவிட்டால்தான் உதவி என்று விதி எழுதி வைத்திருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்தப் பென்ஷன் இன்று நேற்று வந்ததல்ல. காமராஜர் முதலமைச்சராக இருந்த 1962-ல், மாதம் 20 ரூபாயோடு தொடங்கியது. மத்திய அரசு இதே போன்ற தேசியத் திட்டத்தை 1995-ல்தான் கொண்டுவந்தது. அந்த வகையில் இந்த மாநிலம் முன்னோடி. 2011-ல் 500 ரூபாய் 1,000 ஆனது. அதற்குப் பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் அப்படியே நின்று, 2023 ஆகஸ்ட்டில் 1,200 ஆனது. இதில் மத்திய அரசின் பங்கு, அதுவும் வறுமைக்கோட்டுப் பட்டியலில் இருக்கும் 60 முதல் 79 வயதுவரையானவர்களுக்கு, 200 ரூபாய். அந்த 200 ரூபாய் 2007 வாக்கில் நிர்ணயிக்கப்பட்டது. அன்றைக்கு 200 ரூபாய்க்கு என்ன வாங்க முடிந்தது, இன்றைக்கு என்ன வாங்க முடிகிறது என்பதைச் சந்தைக்குப் போகிற யாரும் சொல்வார்கள். ஆந்திரம் 2024 ஜூலை முதல் 4,000 ரூபாய் கொடுக்கிறது. கேரளம் 2025 நவம்பரில் 2,000 ஆக்கியது. முன்னோடி எப்போது பின்னால் போனது என்று கேட்பதில் தவறில்லை.

பணத்தை விடப் பெரிய சிக்கல் கூரை. ரேஷன் அரிசி இருக்கிறது, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேட்டி சேலை வருகிறது, அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை கிடைக்கிறது. சென்னையில் 60 வயதானவர்களுக்கு மாதம் பத்து இலவசப் பஸ் டோக்கன் உண்டு. ஆக, ஒரு முதியவரின் மாதச் செலவில் அரசு கை கொடுக்காத இடம் வாடகைதான். சென்னையிலோ கோவையிலோ ஓரளவு காற்று வரும் ஒற்றை அறையைக் கூட 1,200 ரூபாய்க்கு யாரும் தரப்போவதில்லை.

பணம் இருந்தால் மட்டும் கிடைத்துவிடுமா என்றால் அதுவும் இல்லை. தனியாக இருக்கும் முதியவர் என்றதும் வீட்டுக்காரர் தயங்குகிறார். வாடகை பாக்கி விழும் என்ற பயம் ஒரு பங்குதான்; வாய்விட்டுச் சொல்லாத பயம் வேறு. வீட்டில் சாவு விழுந்தால்? குடியிருப்பவர் இறந்துவிட்டால் உடலைக் கூடத்தில் கிடத்தக் கூடாது என்று சொல்லும் வீட்டுக்காரர்கள் நகரங்களில் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மயானத்துக்குக் கொண்டுபோகச் சொல்வார்கள். அடுத்த குடித்தனம் வராது, விசேஷம் வைக்க முடியாது என்று காரணங்கள் நீளும். எழுபது வயதுக்காரர் வீடு கேட்டு நிற்கும்போது வீட்டுக்காரரின் மனதில் ஓடுவது இந்தக் கணக்கு. "சொந்தக்காரங்களுக்கு விட்டாச்சு" என்பது வெளியே வரும் பதில். தரகர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஆகவே மகனையோ மகளையோ கூட்டி வந்து, அவர்கள் பெயரில் ஒப்பந்தம் போடச் சொல்கிறார்கள். ஆக, தாலுகா அலுவலகத்தில் இருக்கக் கூடாத மகன், வீட்டுத் தரகரிடம் இருந்தாக வேண்டும்.

அட்வான்ஸ் இன்னொரு மதில். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. கூடவே, இருதரப்பும் வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொண்டால் அது செல்லும் என்றும் சொல்லிவிட்டது. வீடு தேடி அலைகிறவர் எந்த ஒப்பந்தத்துக்குத்தான் மறுப்புச் சொல்வார்? சென்னையில் ஆறு மாதம், பத்து மாதம் என்று அட்வான்ஸ் கேட்கும் பழக்கம் போகவில்லை.

சரி, முதியோர் இல்லம்? முதியோருக்கு இடம் என்றாலே பொதுப் பேச்சில் இல்லம்தான் நினைவுக்கு வருகிறது. சென்னையில் ஆதரவற்ற மூதாட்டிகளுக்காக சாவித்திரி வைத்தி 1978-ல் தொடங்கிய விச்ராந்தி போன்ற இலவச இல்லங்கள் செய்திருக்கும் காரியம் சிறியதல்ல. போக்கிடம் அற்றவர்களுக்கு, படுத்த படுக்கையாகிவிட்டவர்களுக்கு அவை தேவை. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம், மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 பேர் தங்கும் அளவில் அரசு இல்லங்களை அமைக்கலாம் என்று சொல்கிறது. அமைக்கலாம் என்பதோடு நிற்கிறது. மறுபக்கம் கோவையைச் சுற்றி எழுந்திருக்கும் முதியோர் குடியிருப்புகள் வேறு உலகம்: நுழையவே லட்சங்கள், பிறகு மாதப் பராமரிப்புக் கட்டணம். ஓய்வூதியம் வாங்கும் வங்கி அதிகாரிக்கும் வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பவர்க்கும் கட்டுப்படியாகும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தமிழ்நாட்டு முதியோரில் பெரும்பாலோர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இல்லம் வேண்டாம். பழகிய தெருவில், தெரிந்த ரேஷன் கடைக்குப் பக்கத்தில், சொந்தமாகத் தாழ் போட்டுக்கொள்ளும் ஓர் அறை போதும்.

பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது, அதன் பல் உள்ள பகுதியையும் சொல்லத்தான் வேண்டும். கைவிடப்பட்ட பெற்றோர் வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். நோட்டீஸ் போய்ச் சேர்ந்த 90 நாட்களுக்குள் பராமரிப்புத் தொகை கேட்கும் வழக்கை முடிக்க வேண்டும். மாதம் அதிகபட்சம் 10,000 ரூபாய்வரை பிள்ளைகளைக் கொடுக்கச் சொல்லலாம். பிள்ளைக்கு எழுதிக் கொடுத்த சொத்துப் பத்திரத்தை ரத்து செய்ய 23-ஆம் பிரிவு இருக்கிறது. நாகப்பட்டினத்தைச் சேர்ந்த 87 வயது மூதாட்டி ஒருவர் மகனுக்குச் செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தார். மகன் இறந்த பிறகு மருமகள் கவனிக்கவில்லை என்று புகார் கொடுத்தார், பத்திரம் ரத்தானது. பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பத்திரத்தில் வெளிப்படையாக எழுதவில்லையே என்ற வாதம் எழுந்தபோது, அன்பின் பேரில் எழுதிக் கொடுப்பதிலேயே அந்த நிபந்தனை அடங்கியிருக்கிறது என்று 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், மத்தியப் பிரதேசத் தாய் ஒருவரின் வழக்கில், இந்தச் சட்டத்தை முதியோர் பக்கம் நின்று படிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்திருந்தது. செட்டில்மென்ட் எழுதப் போகும் பெற்றோர், பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற ஒரு வரியைப் பத்திரத்தில் சேர்த்துவிட்டால் இந்த அலைச்சலே மிச்சம். வழி தெரியாதவர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் கேட்கலாம்.

ஆனால் இந்தச் சட்டம் யாருக்குப் பயன்படும்? எழுதிக் கொடுக்கச் சொத்து வைத்திருந்தவருக்கும், கொடுக்க வசதியுள்ள பிள்ளையைப் பெற்றவருக்கும். இரண்டும் இல்லாத வீட்டில், மாதம் 12,000 சம்பாதிக்கும் மகனிடமிருந்து எந்தத் தீர்ப்பாயம் எவ்வளவு பிடுங்கித் தர முடியும்?

வீட்டை வங்கியில் அடமானம் வைத்து, அங்கேயே வாழ்ந்தபடி மாதப் பணம் பெறும் தலைகீழ் அடமானத் திட்டமும் 2007 முதல் இருக்கிறது. சொந்த வீடு உள்ளவர்களே அதை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அஞ்சலகத்தில் முதியோர் சேமிப்புத் திட்டத்தின் வரம்பை 2023-ல் 15 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தினார்கள். 30 லட்சம் கையில் இருப்பவரின் கவலை இந்தக் கட்டுரைக்கு வெளியே. ஆலையில் முப்பது வருஷம் உழைத்தவருக்கு வருங்கால வைப்பு நிதி வழியாக வரும் ஓய்வூதியத்தின் குறைந்தபட்சம் 2014-ல் 1,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது என்பதை மட்டும் சொல்லி நகரலாம்.

வீட்டுத் திட்டங்களுக்கு வருவோம். கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் கிடைக்கிறது. நல்ல திட்டம், ஆனால் அது கிராமத்தில் குடிசையும் அது நிற்கும் மனையும் உள்ளவர்களுக்கு. நகரத்தில் நாற்பது வருஷம் வாடகை கொடுத்தே முதியவரானவருக்கு மனை ஏது? நகர்ப்புறத்தில் குடிசை மாற்று வாரியம் கட்டிய பெரும்பாக்கம், கண்ணகி நகர் போன்ற இடங்களுக்குச் சென்னையின் ஆற்றங்கரைக் குடும்பங்கள் அனுப்பப்பட்டபோது, அதிகம் இழந்தவர்கள் முதியவர்கள். கடன் தரும் கடைக்காரர், பழகிய அரசு ஆஸ்பத்திரி, அவசரத்துக்குக் கூப்பிடப் பக்கத்து வீடு என எல்லாம் பல மைல் பின்னால் நின்றுவிட்டன. எட்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோனால், முழங்கால் வலிக்காரருக்கு ஐந்தாம் தளம் ஒரு சிறை.

தமிழர்களும் வாழும் சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் இதை வேறு விதமாகப் பார்த்தது. 55 வயதைத் தாண்டியவர்கள் இரண்டறை வீட்டை 99 ஆண்டுக்கு வாங்க வேண்டியதில்லை. தங்கள் வயதுக்கு ஏற்ப 15 முதல் 45 ஆண்டுவரை குறுகிய குத்தகைக்கு எடுக்கலாம். குத்தகை குறுகினால் விலையும் குறையும். குளியலறையில் கைப்பிடிக் கம்பியோடு வீடு வருகிறது. மற்ற குடும்பங்கள் வாழும் அதே வட்டாரத்தில்தான் இந்த வீடுகளும் இருக்கின்றன. சிங்கப்பூர் பணக்கார நாடு, நிலமெல்லாம் அரசிடம் என்று சொல்லிக் கழித்துவிடலாம். கைப்பிடிக் கம்பிக்குப் பணக்கார நாடாக இருக்க வேண்டியதில்லை.

2021-ல் தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தவர்கள் 13.6 விழுக்காடு என்றும், 2031-ல் 18.2 ஆகும் என்றும் தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் அறிக்கை சொல்கிறது. அறுவரில் ஒருவருக்கு மேல். இத்தனை பேரையும் இல்லங்களில் வைக்க முடியாது, பிள்ளைகளின் ஒற்றை அறையிலும் வைக்க முடியாது. எனவே முதலில் செய்ய வேண்டியது, 70 வயதைத் தாண்டியவரிடம் மகன் இருக்கிறானா என்று கேட்பதை நிறுத்துவது. முதியவரின் சொந்த வருமானத்தை மட்டும் பார்க்கட்டும். மகனோடு இருந்தால் அந்தப் பணம் அந்த வீட்டுக்கு உதவட்டும். எழுபது வயதில் தாய் தன் பங்கென்று நூறு ரூபாய் எடுத்து வைக்கும்போது மருமகளின் முகமும் கொஞ்சம் மாறும். தனியாக வாடகைக்கு இருந்தால் பென்ஷனோடு வாடகை உதவி என்று தனித் தொகை சேர வேண்டும். அட்வான்ஸுக்கு அரசு ஜாமீன் நின்றால், வீட்டுக்காரரின் பாக்கிப் பயமாவது தீரும். சாவுப் பயத்துக்கு அரசாணை போட முடியாது. அதனால்தான் அரசே வாடகைக்கு விடும் வீடுகள் தேவைப்படுகின்றன.

அதற்கு வாய்ப்பும் கண்முன் இருக்கிறது. குடிசை மாற்று வாரியம் 1970-ல் தொடங்கியதிலிருந்து சென்னைக்குள் கட்டிய பழைய அடுக்ககங்கள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு, மேலும் உயரமாக எழுந்துகொண்டிருக்கின்றன. மத்திய அரசின் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தின் 2024-ஆம் ஆண்டுப் பதிப்பில், விற்பதற்கல்லாமல் வாடகைக்கு விடும் வீடுகளுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. புதிய அடுக்ககங்களின் தரைத்தளம் பெரும்பாலும் வண்டி நிறுத்தத் தூண்களாகப் போய்விடுகிறது. அதில் ஒரு பகுதியைச் சுவர் எழுப்பி, சாய்தளம் வைத்து, சிறு அறைகளாக்கி, அந்தந்தப் பகுதியிலேயே வாடகைக்கு இருக்கும் முதியவர்களுக்குப் பென்ஷனில் பிடித்துக்கொள்ளும் சிறு வாடகைக்கு விடலாம். வரைபடம் தாளில் இருக்கும்போது இது ஒரு பொறியாளரின் அரை நாள் வேலை. கான்கிரீட் விழுந்த பிறகு இன்னொரு நாற்பது வருஷம் காத்திருக்க வேண்டும்.