சோறு இரத்தமாகும் வழி



"மூணு வேளையும் ஏதோ சாப்பிடத்தான் செய்யிறேன். ஆனாலும் மலையேறினா மூச்சு வாங்குது, தலை சுத்துது." இறக்குவானை, காவத்தை, தெரணியகல, எட்டியாந்தோட்டை என எந்தத் தோட்டத்து லயத்திற்குப் போனாலும் பெண்களிடம் நாம் கேட்கும் வார்த்தைகள் இவை. வாயில் போடுவதெல்லாம் உடம்பில் சேர்ந்துவிடுவதில்லை. அது சேரும் வழியை அறிந்துகொண்டால் இந்தக் களைப்புக்கான காரணமும் புரியும்.

சமிபாடு வாயிலேயே தொடங்குகிறது. ரொட்டித் துண்டொன்றை நன்றாக மென்றால் சற்று இனிக்கும். உமிழ்நீர் மாச்சத்தைச் சீனியாக மாற்றத் தொடங்குவதே அதற்குக் காரணம். பிரட்டுக்கு நேரமாகிவிட்டதென்று அவசரமாக விழுங்கினால், பல் செய்ய வேண்டிய வேலையும் வயிற்றின் மேல் விழுகிறது.

உணவு களத்தின் வழியாக இரைப்பைக்குப் போகிறது. அங்குள்ள அமிலம் கிருமிகளைக் கொல்கிறது; மீன், பருப்பு போன்றவற்றிலுள்ள புரதத்தை உடைக்க உதவுகிறது. சில மணி நேரத்தில் கூழாகும் உணவு சிறுகுடலுக்கு இறங்குகிறது. சிறுகுடல் சுமார் 6 மீற்றர், அதாவது 20 அடி நீளமானது. ஈரலிலிருந்து வரும் பித்தமும் சதையி நீரும் இங்கு சேர்ந்து மீதி வேலையை முடிக்கின்றன. குடலின் உட்சுவரில் உள்ள சடைமுளைகள் என்னும் நுண்ணிய மயிர் போன்ற அமைப்புகள் சத்துக்களை உறிஞ்சி இரத்தத்தில் சேர்க்கின்றன. எஞ்சியதிலிருந்து பெருங்குடல் நீரை எடுத்துக்கொள்ள, மீதி மலமாக வெளியேறுகிறது.

இரத்தம் ஊற இரும்புச்சத்து வேண்டும். அது சிறுகுடலின் தொடக்கப் பகுதியில்தான் அதிகமாக உறிஞ்சப்படுகிறது. ஆனால் ரொட்டியையும் சம்பலையும் சாப்பிட்ட கையோடு வெறுந்தேத்தண்ணி குடித்தால், தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள் கீரை, பருப்பு போன்றவற்றின் இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நாம் பறிக்கும் கொழுந்தே நம் இரத்தத்தைக் குறைப்பது போலத்தான். தேத்தண்ணியை விட வேண்டியதில்லை. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் விட்டுக் குடித்தால் போதும். தேசிக்காய்ப் புளி, நெல்லி, கொய்யா ஆகியவை இரும்புச்சத்து உடம்பில் சேர உதவும். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடும், கல்சியம் மாத்திரையோடும் சேர்த்து விழுங்காதீர்கள்.

இன்னொரு திருடனும் உண்டு. காலில் ஏறும் அட்டையைக் கண்டால் பிடுங்கி எறிகிறோம். கண்ணுக்குத் தெரியாத கொழுக்கிப்புழுவின் குஞ்சோ ஈரமண்ணிலிருந்து வெறுங்காலைத் துளைத்து உள்ளே போய், கடைசியில் சிறுகுடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுகிறது. இலங்கைத் தோட்டங்களில் இதற்கு எதிரான ரொக்பெல்லர் நிறுவனத்தின் திட்டம் 1916இல் மாத்தளையில் தொடங்கியது. இன்று பூச்சி மாத்திரை எளிதாகக் கிடைக்கிறது. கர்ப்பிணிகளுக்கு முதல் மூன்று மாதங்கள் கழிந்த பின்பே அது கொடுக்கப்படுகிறது. எனவே மருத்துவ மாதுவிடம் கேட்டே எடுக்க வேண்டும். மலசலகூடத்தைப் பாவிப்பதும் செருப்பு அணிவதும் புழு பரவாமல் காக்கும்.

யுத்தத்தைக் கண்டு வந்த சகோதரிகளிடம் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். குடலுக்கென்றே பெரியதொரு நரம்புத் தொகுதி உண்டு. அது மூளையோடு ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறது. பயம் வந்ததும் உடல் ஓடுவதற்குத் தயாராகி, இரத்தத்தைக் குடலிலிருந்து கை கால்களுக்கு அனுப்பிவிடுகிறது. சமிபாடு குழம்புகிறது. "வயிற்றில் புளியைக் கரைத்தது போல" என்று நம் முன்னோர் சொன்னது வெறும் பேச்சல்ல. ஆகவே வெடிச்சத்தம் கேட்டதும் வயிறு கலங்குவதும், நினைவுகள் வந்தால் சோறு இறங்காமல் போவதும் நடிப்பல்ல, பைத்தியமும் அல்ல. அதை மருத்துவரிடம் சொல்ல வெட்கப்படாதீர்கள். நம்பிக்கையான ஒருவரோடு அமர்ந்து, நிதானமாக ஒரு வேளை சாப்பிடுவதும் நல்ல மருந்துதான்.

ஆனால் எல்லா வயிற்று வலியையும் கவலை என்று தள்ளிவிடவும் கூடாது. தார் போல ஒட்டும் கறுத்த மலம், மலத்திலோ வாந்தியிலோ இரத்தம், விழுங்கக் கஷ்டம், காரணமில்லாமல் உடல் மெலிதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். சிகிச்சை இலவசம். இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவர்களுக்கு மலம் சற்றுக் கறுப்பது இயல்பு. அதற்காக மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

இம்மாதம் செய்து பார்ப்போம்:

1. கொழுந்துக்கோ பால் வெட்டவோ போகுமுன், ஒரு ரொட்டித் துண்டாவது மென்று சாப்பிடுவோம்.
2. சாப்பாட்டையும் தேத்தண்ணியையும் ஒரு மணி நேரம் பிரிப்போம்.
3. கீரைச் சுண்டலில் தேசிக்காய் பிழிவோம்.
4. கணவருக்கும் பிள்ளைகளுக்கும் கறி போடும்போதே நமக்கும் ஒரு பங்கை எடுத்து வைப்போம்.

கடைசியாகச் சொன்னதுதான் நம்மில் பலருக்குக் கடினம். சட்டியில் மிஞ்சியதை வழித்துச் சாப்பிடும் தாயின் குடல் எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும், இல்லாததை அது எங்கிருந்து உறிஞ்சும்?