காவலர் வண்டிக்கு வேக வரம்பு உண்டா?



நம் நகரின் மேற்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது முக்கொம்பு. அங்கேதான் காவிரித்தாய் இரு கிளையாகப் பிரிந்து ஒருபுறம் காவிரியாகவும் மறுபுறம் கொள்ளிடமாகவும் ஓடி, திருவரங்கத்தைத் தீவாக்குகின்றாள். சர் ஆர்தர் காட்டன் 1836-இல் கட்டத் தொடங்கிய மேலணை இருப்பதும் அங்கேதான். வெள்ளம் பெருகி வருங்கால் மிகுதி நீரைக் கொள்ளிடத்திற்குத் திருப்பி ஊரையும் வயலையும் காப்பது அந்த அணையின் வேலை. வெள்ளம் வந்தால் கொள்ளிடத்து மதகைத் திறக்கத்தான் வேண்டும். வெள்ளம் இல்லாத நாளிலும் திறந்தே வைத்திருந்தால் தஞ்சைத் தரணியின் பயிர் என்னாகும்? மதகு என்பது திறப்பதற்கு மட்டுமன்று, மூடுவதற்கும் உரியது.

இந்த எண்ணத்தோடுதான் நாங்கள் ஒரு வினாவை இங்கே எடுத்துக்கொள்கிறோம். சாலையில் வேகத்தை அளந்து படம் பிடிக்கும் காமிராக்கள் நாட்டில் பெருகி வருகின்றன. வரம்பு மீறினால் வீட்டுக்கு அபராதச் சீட்டு வருகிறது. சரி, அந்தக் காமிராவின் முன் விரைந்து சென்றது காவல்துறை வண்டியாக இருந்தால்? ஓட்டியவருக்கு அபராதம் உண்டா, விலக்கு உண்டா? இதை எங்கள் வகுப்பில் பட்டிமன்றமாகவே நடத்தினோம். காவலர் குடியிருப்பிலிருந்து வரும் தோழியரும் எங்களுள் இருப்பதால் வாதம் சூடாகவே நடந்தது. முடிவில் நாங்கள் வந்து சேர்ந்த கருத்தை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 2019-இல் திருத்தப்பட்டது. மின்னணுக் கருவிகளால் சாலையைக் கண்காணிக்க வழி செய்யும் 136ஏ பிரிவு அப்போது சேர்ந்தது. கார் போன்ற இலகு ரக வண்டிகள் வேக வரம்பை மீறினால் 1,000 முதல் 2,000 ரூபாய் வரை அபராதம் என்று 183-ஆம் பிரிவு கூறுகிறது. அதே திருத்தத்தில் சேர்ந்த 210பி பிரிவைப் பலர் அறியார். இச்சட்டத்தை நடைமுறைப்படுத்தும் அதிகாரம் பெற்றவரே குற்றம் செய்தால், மற்றவர்க்கு உள்ள தண்டனையைப்போல் இருமடங்கு என்கிறது அது. டில்லிப் போக்குவரத்துக் காவல்துறை 2019 செப்டம்பரில் தன் காவலர்களுக்கு இதை நினைவூட்டி ஆணையே பிறப்பித்தது. ஆக, சட்டத்தின் பொதுவான போக்கு காவலருக்குச் சலுகை தருவதன்று. அவரிடம் கூடுதலாக எதிர்பார்ப்பதாகும்.

ஆனால் மற்றொரு விதியும் உண்டு. 2017-இல் வெளியான வாகனம் ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், காவல் வண்டி முதலியவற்றிற்குத் தனி உரிமை தருகின்றன. உயிரைக் காக்கவோ பொது அமைதியைப் பேணவோ அவசரமாகச் செல்லும்போது, ஒலியும் சுழல் விளக்கும் இயங்க, தக்க எச்சரிக்கையோடு அவை வேக வரம்பைக் கடக்கலாம். சிவப்பு விளக்கையும் தாண்டலாம். அவசரப் பணி இல்லாதபோது அந்த உரிமையும் இல்லை.

இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால் ஓர் உண்மை விளங்குகிறது. விலக்கு என்பது சீருடைக்கும் வண்டிக்கும் உரியதன்று, செய்யும் வேலைக்கு உரியது. எங்கள் கட்சியும் இதுதான்.

விலக்கு அறவே கூடாது என்று கூறிய தோழியருக்கு நாங்கள் ஒன்றை நினைவூட்டினோம். 2018 ஆகஸ்டு 22 இரவு முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் மதகுகள் பல வெள்ளத்தில் இடிந்து விழுந்தன. அத்தகைய இரவில் மக்களைக் காக்க விரையும் காவல் வண்டியை, வேக வரம்பைப் பார்த்து மெல்லப் போ என்று யாரேனும் சொல்வோமா? காணும் பொங்கலன்று முக்கொம்பில் கூடும் கூட்டத்தில் ஒரு குழந்தை ஆற்றில் இறங்கிவிட்டதென்று செய்தி வந்தால்? அந்நேரம் அபராதத்திற்கு அஞ்சி ஓட்டுநர் காலைப் பின்னிழுத்தால், சட்டம் காப்பாற்றப்படும், குழந்தை காப்பாற்றப்படாது.

இனி, காவலர் எப்போதும் கடமையில்தான் இருக்கிறார், ஆகவே முழு விலக்கு வேண்டும் என்ற தோழியருக்கு ஒரு சிறு கணக்கைக் காட்டினோம். நகரிலிருந்து முக்கொம்புக்கு 18 கிலோமீட்டர் என்று கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் 18 நிமிடம். 80 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் பதின்மூன்றரை நிமிடம். மிச்சமாவது நாலரை நிமிடம், அதாவது கால் பங்கு நேரம். ஆனால் இயற்பியல் பாடத்தில் நாம் படித்தபடி, ஓடும் பொருளின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. ஆகவே 60-இலிருந்து 80-க்குப் போனால் மோதலின் வலிமை முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. கால் பங்கு நேரத்தை வாங்க முக்கால் பங்கு ஆபத்தைக் கொடுக்கிறோம். கரூர்ச் சாலையில் ஜீயபுரத்தை ஒட்டிச் சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும், வாழைத்தார் ஏற்றி வரும் வண்டிகளும் அந்த ஆபத்தின் எதிரில் நிற்பவர்கள்.

ஆற்றில் தத்தளிப்பவருக்கு நாலரை நிமிடம் ஓர் உயிர். கூட்டத்திற்குத் தாமதமாகிவிட்ட ஓர் அதிகாரிக்கு அதே நாலரை நிமிடம் வெறும் நாலரை நிமிடம்தான். சாலை ஒன்று, வண்டி ஒன்று, வேகமும் ஒன்று. ஆனால் முதலாவதை நியாயம் என்போம், இரண்டாவதைக் குற்றம் என்போம்.

இது சிறிய செய்தியன்று. 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்றும், அவர்களில் 100-க்கு 71 பேர் மிகுவேகத்தால் நேர்ந்த விபத்துகளில் இறந்தனர் என்றும் மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவ்வாண்டு தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். நம் மாநிலத்தில் அவ்வாண்டு நிகழ்ந்த சாலை விபத்துகள் 64,105. எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். இத்தகைய முதலிடம் நமக்கு வேண்டியதுதானா?

நம் நகரமே மறக்க இயலாத நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2018 மார்ச் 7 அன்று, தஞ்சாவூர்ச் சாலையில், தலைக்கவசம் அணியாமல் சென்ற கணவன் மனைவியைப் போக்குவரத்துக் காவல் ஆய்வாளர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் துரத்திச் சென்றார். திருவெறும்பூர் அருகே அவர் உதைத்ததில் வண்டி கவிழ்ந்து, பின்னால் அமர்ந்திருந்த மனைவி மாண்டார் என்பது வழக்கு. அன்றிரவே மக்கள் திரண்டு மறியல் செய்தனர், ஆய்வாளர் கைதானார். மறுநாள் உலக மகளிர் தினம். அக்காலத்தில் தலைக்கவசம் இல்லாமைக்கு அபராதம் 100 ரூபாய்தான். 100 ரூபாய்க் குற்றத்தைப் பிடிக்க ஓர் உயிரைப் பணயம் வைக்கலாமா? வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டால் போதாதா? துரத்துவதெல்லாம் கடமை ஆகிவிடாது. எதற்காக, எவ்வளவு வேகத்தில், யார் உயிருக்கு முன்னால் என்று எண்ணிப் பார்ப்பதும் கடமையில் அடங்கும். அந்த நிகழ்ச்சி எங்களுக்குக் கற்பித்த பாடம் அதுவே.

கடமை என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் எல்லாக் கதவும் திறக்க வேண்டுமா என்ற வினா 2024 மே மாதத்திலும் எழுந்தது. நாங்குநேரியில் அரசுப் பேருந்தில் ஏறிய காவலர் ஒருவர், கடமையில் செல்வதால் பயணச்சீட்டு வாங்க வேண்டியதில்லை என்றார். வாரண்டு இருந்தால்தான் இலவசப் பயணம் என்று போக்குவரத்துத் துறை விளக்கியது. அதன் பின் பல ஊர்களில் அரசுப் பேருந்துகளுக்குக் காவலர் அபராதம் விதிக்க, இரு துறைகளின் மேலிடத்தார் பேசித் தீர்க்க வேண்டியதாயிற்று. கடமை உண்மையானால் அதைக் காட்ட ஒரு தாள் இருக்கும். தாள் இல்லாத கடமையை மற்றவர் எவ்வாறு நம்புவர்?

ஆனால் காவலர் குடும்பத்துத் தோழி ஒருத்தி கேட்ட கேள்விக்கு எங்களுக்கு உடனே விடை கிடைக்கவில்லை. "வண்டி ஓட்டுவது என் அப்பா. வேகமாகப் போ என்று சொல்வது பின்னால் அமர்ந்திருக்கும் அதிகாரி. அபராதம் யார் தலையில்?" என்றாள் அவள். நியாயமான கேள்வி அன்றோ! மேலதிகாரியின் சொல்லை ஓட்டுநர் எளிதில் தட்ட முடியாது. அபராதத்தை அவர் சம்பளத்தில் பிடித்தால் ஏவியவர் தப்புவார், அம்பு நோகும். துறையே செலுத்துமானால் அரசின் ஒரு பையிலிருந்து மற்றொரு பைக்குப் பணம் மாறுமேயன்றி எவருக்கும் உறைக்காது. அந்தப் பணமும் நம் பெற்றோர் கட்டிய வரியே!

ஆகவே நாங்கள் பணிவோடு கூறும் வழி இது. காமிரா எல்லா வண்டியையும் ஒன்றுபோலவே படம் பிடிக்கட்டும். காவல் வண்டி என்று கண்டு கண்ணை மூட வேண்டாம். சீட்டு வந்தபின், அந்த நேரத்தில் அவசர அழைப்பு இருந்ததா, விளக்கும் ஒலியும் இயங்கினவா என்று வண்டியின் லாக் புத்தகத்தைக் கொண்டு காவல் நிலையத்தார் காட்டட்டும். அவசரம் உண்மையானால் சீட்டை ரத்துச் செய்யலாம். இல்லையேல் சட்டம் சொல்லும் இருமடங்கு விழட்டும். விரைந்து செல்ல ஆணையிட்டவர் தம் பெயரை அந்தப் புத்தகத்தில் எழுதட்டும். எழுதியவரே அபராதத்தையும் ஏற்கட்டும். ஆணை எதுவும் இன்றி ஓட்டுநர் தாமே விரைந்தால் பொறுப்பு அவருடையது. கையொப்பம் இட வேண்டும் என்றாலே பாதி அவசரங்கள் மறைந்துவிடும் என்பது எங்கள் நம்பிக்கை.

இது புதுமையான யோசனையும் அன்று. இங்கிலாந்தில் 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 87-ஆம் பிரிவு, தீயணைப்பு, ஆம்புலன்ஸ், காவல் வண்டிகளுக்கு வேக வரம்பிலிருந்து விலக்கு அளிக்கிறது. ஆனால் வரம்பைக் கடைப்பிடித்தால் அந்தப் பணியே தடைப்படும் என்ற நிலையில் மட்டுமே அந்த விலக்கு. காவலருக்கென வண்டி ஓட்டும் பயிற்சிப் பள்ளியை 1930-களிலேயே லண்டனில் ஹெண்டன் என்னுமிடத்தில் நிறுவினார்கள். விரைந்து ஓட்டும் உரிமையைத் தருவோர் விரைந்து ஓட்டும் கல்வியையும் தரவேண்டும் அன்றோ! நம் காவல் ஓட்டுநர்களுக்கும் நல்ல பயிற்சியும், போதிய ஓய்வும், பழுதற்ற வண்டியும் கிடைக்க வேண்டும். இரவெல்லாம் விழித்தவரிடம் வண்டியைக் கொடுத்துவிட்டு அபராதச் சீட்டை மட்டும் நீட்டுவது நீதியாகாது.

வேகமாய் ஓடிய ஆளுவோர் வண்டியைப் பற்றி நம் தமிழ் மண்ணில் பழைய கதை ஒன்று உண்டு. திருவாரூரில் மன்னன் மகனின் தேர்க்காலில் ஒரு கன்று மாண்டது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடிக்க, மனுநீதிச் சோழன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான் என்பர். அந்தத் தண்டனையின் கடுமையை நாங்கள் போற்றவில்லை. அது இக்காலத்துக்கு ஒவ்வாது. நாங்கள் போற்றுவது அந்த மணியை. யார் அடித்தாலும் அது ஒலித்தது. தேரில் இருப்பவன் இளவரசன் என்பதால் ஊமையாகவில்லை. இன்று சாலையோரக் கம்பத்தில் நிற்கும் காமிராவும் ஓர் ஆராய்ச்சி மணியே. சிலருக்கு மட்டும் அது ஒலிக்காது என்றால், மற்றவர்க்கு அது ஒலிக்கும்போது மதிப்பும் இராது. தலைக்கவசம் அணியச் சொல்லும் காவலரின் சொல்லுக்கு வலிமை தருவது அவர் கைத்தடி அன்று. அவரும் அணிந்திருக்கிறார் என்பதே.

தோழியரே, இதில் நம் பங்கும் உண்டு. சுழல் விளக்கோடு ஒலியெழுப்பி வரும் வண்டிக்கு வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம் என்கிறது சட்டம். அபராதத்திற்கு அஞ்சி அன்று, உள்ளே ஓர் உயிர் இருக்கலாம் என்று எண்ணி ஒதுங்கி நிற்போம். "பள்ளிக்கு நேரமாயிற்று, வேகமாய் ஓட்டுங்கள் அப்பா" என்று பின்னால் அமர்ந்து நாமே தூண்டுவதையும் விட்டுவிடுவோம். பின்னிருக்கையில் அமர்ந்து ஏவுகின்ற அதிகாரியைக் குறைகூறிய நாம், அவ்விருக்கையில் அமரும்போது அவரைப்போல் ஆகலாகாது.

மதகு வேண்டும், அதைக் காக்கும் கையும் வேண்டும், திறந்த நேரத்தைக் குறித்து வைக்கும் ஏடும் வேண்டும். காவலரின் வேகத்திற்கும் அவ்வாறே. வெள்ளம் வரும் நாளில் தயங்காது திறப்போம், மற்ற நாளில் மறவாது மூடி வைப்போம்.