உடுப்பு கிடக்கட்டும், பேச்சைப் பார்ப்போம்

"சேர்ச்சில் ஒரு நாடகக் குழு தொடங்குவோமா?" என்று கேட்டால், ஹட்டன், நுவரெலியா தோட்டப் பக்கம் முதலில் வருகிற கேள்வி, "உடுப்புக்குக் காசு யார் தருவா?" உடுப்பு கிடக்கட்டும். முதலில் பேச்சைப் பார்ப்போம் என்கிறோம் நாங்கள்.

நத்தார் நாடகம் என்றாலே நம்ம ஆட்கள் பழைய சினிமா ராஜா மாதிரிப் பேசத் தொடங்கிடுறாங்க. மேய்ப்பர்கூட செந்தமிழ்தான். முன்னால் உட்கார்ந்திருக்கிற அம்மாவோ வாரம் முழுக்க பெரட்டுக்குப் போய், மலையேறிக் கொழுந்து பறிச்சவர்.

திராட்சைத் தோட்டக் கூலியாட்கள் உவமையை எடுங்க. கடைசி ஒரு மணித்தியாலம் வேலை செய்தவருக்கும் முழுநாள் கூலி கிடைக்குது. கிலோ குறைஞ்சா அரைப்பேர் போடுகிற இடத்தில் இதை நடிச்சுப் பாருங்க. 1000 ரூபா நாட்சம்பளம் 2021இல் வர்றதுக்கு எத்தனை வருஷம் போராடினோம்! மேடையில் கங்காணி பேர் வாசிச்சாலே சனம் நிமிர்ந்து உட்காரும். நாள் முழுக்க உழைச்சவன் ஏன் முறுமுறுத்தான் என்பதும் நம்ம சனத்துக்குத்தான் நல்லாப் புரியும்.

ஆட்டமும் அடியும் நம்மகிட்டயே இருக்கு. மாசியில் லயத்துப் பையன்களே ரதியும் மதனுமாகி, தப்புச் சத்தத்தில் காமன் கூத்து ஆடுறாங்க. யாழ்ப்பாணத்தில் மரியசேவியர் அடிகள் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் கூத்தைத் தள்ளிவைக்கவில்லை. "அது கோயில்காரங்களோடது" என்று நாம மட்டும் ஏன் விலகணும்? தப்படிக்கிற அண்ணனையும் கூப்பிடுவோம்.

ஆறு பேர் போதும். ஞாயிறு ஆராதனை முடிஞ்சு ஒத்திகை வைத்தால், தங்கச்சிமார் இருட்டுமுன் வீடு சேரலாம். எழுதின வசனத்தை முதலில் கொழுந்தெடுக்கிற ஓர் அக்காவிடம் வாசிச்சுக் காட்டுங்க. "நாங்க இப்படியா பேசுறோம்?" என்று சிரிச்சாங்கன்னா, திருத்தி எழுதுங்க.